கோவளத்து மாதா கோயிலும் சத்ராஸ் கல்லறைகளும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால், முட்டுக்காட்டு உப்பங்கழியைத் தாண்டிய சிறிது தூரத்தில் இடப்புறம் கோவளம் வருகிறது. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஊர் அது. வார இறுதியில் அலைச்சறுக்கு பழகுவோரும் சென்னைவாசிகளும் மணலை நிறைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கரையில் வலை சீர்செய்பவர்களையும், மீன் ஏலம் முடிந்து கூடையோடு திரும்பும் பெண்களையும் காணலாம். மாதா கோயிலும், தமீமுல் அன்சாரி தர்காவும், கைலாசநாதர் கோயிலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கின்றன. தர்காவில் அடங்கியிருப்பவர் நபிகளின் தோழர் என்றும், அவரது உடல் கடல்வழியாக இந்தக் கரையை வந்தடைந்தது என்றும் ஊர் மரபு சொல்கிறது. வியாழக்கிழமைகளில் எல்லா மதத்தாரும் அங்கே வருகிறார்கள்.

இங்குள்ள மாதா கோயில் 1808இல் கட்டப்பட்டது. கார்மேல் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம். இன்றைய இஸ்ரேலின் ஹைஃபா நகரை ஒட்டி மத்தியதரைக் கடலைப் பார்த்து நிற்கும் கார்மேல் மலையில், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தனித்து வாழ்ந்த துறவிகளிடமிருந்து கார்மேல் சபை தோன்றியது. அவர்கள் வணங்கிய மரியாளே கார்மேல் அன்னை. ஜூலை 16 அவள் திருநாள். கழுத்தில் அணியும் பழுப்பு நிற உத்தரியம் அந்தப் பக்தியின் அடையாளம். மரியாளுக்குக் 'கடலின் விண்மீன்' என்றொரு பட்டம் கிறிஸ்தவ மரபில் நெடுங்காலமாக உண்டு. கார்மேல் பக்தி அதோடு நெருக்கமாகப் பிணைந்தது. ஸ்பெயினின் கடற்கரை ஊர்களில் ஜூலை 16 அன்று மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் பவனி கொண்டுபோகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே மீனவர்களின் காவல் தெய்வம் இவள்தான். போர்த்துகீசிய வழிவந்த ஒரு வணிகர் சோழமண்டலக் கரையின் மீனவர் ஊரில் எழுப்பிய கோயிலுக்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

அந்த வணிகர் ஜான் டி மான்டி. சென்னையில் பெரும் சொத்துச் சேர்த்தவர். ஆழ்வார்ப்பேட்டையில் இன்றும் அவர் பெயரைத் தாங்கும் டி மான்டி காலனி அந்தச் சொத்தின் ஒரு பகுதி. இந்நாளில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு பேய்ப்படத்தின் தலைப்பாக மட்டுமே தெரிந்திருப்பது அந்த மனிதருக்கு நேர்ந்த அநீதி. தன் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் திருச்சபைக்கும் அறப்பணிகளுக்கும் எழுதிவைத்தார். 1821இல் இறந்தார். அவரது கல்லறை சென்னையின் பெரிய ஆலயங்களில் இல்லை. தான் கட்டிய கோவளத்துக் கோயிலில்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நகரத்துச் செல்வந்தர் ஒருவர் இந்தச் சிற்றூரைத் தேர்ந்ததற்கான பின்னணி, அதற்கு முந்தைய நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவளம் சிற்றூராக முடிந்துபோகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சென்னையில் ஆங்கிலேயர், பழவேற்காட்டிலும் சத்ராஸிலும் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர் என்று கரை முழுவதும் பங்கிடப்பட்டிருந்த காலம் அது. எஞ்சிய இடைவெளியில் நுழைய முயன்றவர்கள், அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த பெல்ஜியப் பகுதியின் ஆஸ்டெண்ட் துறைமுக வணிகர்கள். அவர்கள் கோவளத்தில் ஒரு பண்டகசாலை வைத்தார்கள். 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு முறையான சாசனம் கொடுத்தார். வங்காளத்தில் பாங்கிபஜாரும் தெற்கே கோவளமும் அதன் இந்தியத் தளங்கள். தேயிலை வாணிகத்தில் அந்தக் கம்பெனி ஈட்டிய லாபமே அதற்குப் பகையாயிற்று. பிரிட்டனும் ஹாலந்தும் கொடுத்த அரசியல் நெருக்குதலால் 1727இல் சாசனம் நிறுத்திவைக்கப்பட்டு, 1731இன் வியன்னா உடன்படிக்கையோடு கம்பெனியே கலைக்கப்பட்டது. வியன்னாவில் இடப்பட்ட ஒரு கையெழுத்து முட்டுக்காட்டுக் கழியோரத்து ஊரின் தலையெழுத்தை மாற்றியது.

அடுத்து வந்தது போர். ஆர்க்காட்டு நவாபுகள் கோவளத்துக்கு அருகே சாதத் பந்தர் என்ற கோட்டையைக் கட்டியிருந்தார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர் அதைச் சூழ்ச்சியால் கைப்பற்றினார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் அதை மீட்கப் புறப்பட்டபோது அவரிடம் இருந்தவர்கள் அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய 200 ஐரோப்பியரும், புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும். முதல் குண்டு விழுந்ததும் படை சிதறியது; ஒரு வீரனைக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்ததாக ஆங்கில வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆனாலும் கிளைவ் அவர்களைத் திரட்டிக் கோட்டையைப் பிடித்தார். செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்துகொண்டிருந்த பிரெஞ்சுப் படைக்குக் கோட்டை விழுந்த செய்தி எட்டியிருக்கவில்லை. வழியில் பதுங்கியிருந்து தாக்கி, 100 பேரைக் கொன்று 300 பேரைச் சிறைபிடித்தார். அடுத்து, ஏரியும் சதுப்பும் அரணாகச் சூழ்ந்த செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது. கோவளம் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அது இருந்த பகுதியில் இன்று ஒரு கடற்கரை விடுதி நிற்கிறது. சுற்றுலாக் குறிப்புகள் அதைப் பொதுவாக 'டச்சுக் கோட்டை' என்று சொல்லிவிடுகின்றன. மேலே கண்ட வரலாறு நவாபையும் பிரெஞ்சுக்காரரையும் பற்றியது. டச்சுக் கோட்டையைப் பார்க்க விரும்புபவர் இன்னும் தெற்கே போக வேண்டும்.

கோட்டை தகர்ந்த 56 ஆண்டுகளுக்குப் பிறகுதான் மாதா கோயில் எழுந்தது. அதற்குள் சென்னை இந்தக் கரையின் ஒரே பெரிய துறையாகிவிட்டது. கோவளம் சென்னை வணிகர்கள் காற்று வாங்க வரும் ஊராகச் சுருங்கியிருந்தது. ஆகவே இந்தக் கோயிலுக்கு முன்னால் எந்தக் கம்பெனியும் இல்லை, பின்னால் எந்தப் படையும் இல்லை. ஒரு தனிமனிதரின் பணமும், தினம் கடலுக்குப் போகும் குடும்பங்களின் வழிபாடுமே அதைத் தாங்கின. கோட்டை இரண்டே ஆண்டு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கோயில் 200 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

அக்காலத்துச் சென்னைப் பகுதிக் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. கடற்கரையில் கருங்கல்லைவிடக் கிளிஞ்சல் எளிதாகக் கிடைத்தது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு கலந்து, பல நாள் ஊறவைத்து அரைத்த சாந்து சுவரைப் பிடித்தது. மேல்பூச்சுக்கு அதே சுண்ணாம்பை இன்னும் நைசாக அரைத்து, முட்டையின் வெண்கரு போன்றவற்றைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். பளிங்கென்று ஐரோப்பியப் பயணிகள் மயங்கிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு இதுதான். உப்புக் காற்றில் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மை சுண்ணாம்புச் சுவருக்கு உண்டு. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் உதிர்கிறது. கடற்கரையின் பழைய மாதா கோயில் எதற்குள் போனாலும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: எங்கே பழைய பூச்சு இருக்கிறது, எங்கே சிமெண்ட் ஏறியிருக்கிறது, எங்கே அடிச்சுவர் பொரிகிறது.

சபை நிர்வாகத்தில் கோவளம் பலமுறை கைமாறிய நிலப்பகுதியைச் சேர்ந்தது. 1606இல் நிறுவப்பட்ட மயிலை மறைமாவட்டம், போர்த்துகல் மன்னரின் புரவலர் உரிமைக்கு உட்பட்டது. 1642இல் சென்னைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பூச்சின் துறவிகளோ ரோமாபுரியின் நேரடி மேற்பார்வையில் இயங்கினார்கள். இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் எந்தக் கோயில் யாருக்கு என்ற வழக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1952இல் சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டமாக இணைந்தபோதுதான் அது முழுமையாக முடிவுக்கு வந்தது. 2002இல் அதிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. கோவளம் இப்போது அதில் ஒரு பங்கு.

பங்கின் வாழ்க்கை ஆண்டு முழுவதும் பரவியிருந்தாலும், ஜூலை மாதத் திருவிழாவில்தான் ஊர் முழுவதையும் ஒருசேரப் பார்க்க முடியும். தமிழகக் கத்தோலிக்க ஊர்களின் திருவிழா முறை ஏறக்குறைய ஒன்றே: கொடியேற்றம், நவநாள் ஜெபங்கள், தினமும் ஒரு குடும்பமோ, அன்பியம் எனப்படும் பங்குக் குடும்பக் குழுவோ ஏற்கும் பூசை, கடைசி இரவில் தேர்பவனி, மறுநாள் திருவிழாத் திருப்பலி, கொடியிறக்கம். சப்பரம் தெருவில் வரும்போது வாசல் தெளித்துக் கோலம் போடுவதும், உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வதும், பூமாலை சார்த்துவதும் இக்கரையின் பொதுவான வழக்கங்கள். ஒருவர் சைவரா கத்தோலிக்கரா என்பதை இவற்றை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இன்னொரு முக்கியமான நாள். அன்று குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூவைக்கின்றன. குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வருகிறார்.

கட்டடத்துக்கு இணையான இன்னொரு செல்வம் இத்தகைய பங்குகளில் இருக்கிறது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவுசெய்யும் கடமையைக் குருக்களுக்கு விதித்தது. கம்பெனிகளின் ஆவணங்களில் மீனவர் பெரும்பாலும் தலைக்கணக்காக மட்டுமே வருவார்கள்: இத்தனை படகு, இத்தனை கட்டுமரம், இத்தனை கூலி. பங்குப் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் உண்டு. தாய் தந்தை உண்டு. ஞானத்தாய், ஞானத்தகப்பன் உண்டு. தமிழ்க் கடற்கரையின் குடும்ப வரலாற்றை எழுத இதைவிட நம்பகமான மூலம் அரிது. கரையான் அரிப்புக்கும் ஈரத்துக்கும் முன்னால் இந்தத் தாள்கள் எளிதில் தோற்றுவிடக்கூடியவை. அவற்றை எண்ணிம வடிவில் காப்பது சுவருக்கு வெள்ளையடிப்பதைவிட அவசரமான வேலை.

கோவளத்திலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் அளவில் மாமல்லபுரம். அதற்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இங்கே மணலை அரித்துப் பாறையொன்றின் கல்வெட்டுகளை வெளிக்காட்டியது. அந்தத் தடத்தில் 2005இல் தொல்லியல் துறை தோண்டியபோது, மணலுக்கடியில் புதைந்திருந்த செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. அதைக் கும்பிட்ட ஊர் எப்போதோ கலைந்துவிட்டது. ஊர் கலைந்தபின் மணல் மூடியதை ஒதுக்க ஆளில்லை. கோவளத்தையும் சத்ராஸையும் சேர்த்துப் புரிந்துகொள்ள இந்த இடைப்பட்ட கோயில் உதவும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினம். ஐரோப்பியர் அதைச் சத்ராஸ் என்றார்கள். பாலாறு கடலில் கலக்கும் இடம் அருகில். முகத்துவாரத்தை ஒட்டிய வயலூரில் பல்லவ மன்னன் இராசசிம்மனின் வம்சாவளி சொல்லும் தூண் கல்வெட்டு இருக்கிறது என்பதிலிருந்தே இந்தப் பகுதியின் பழமை விளங்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கி, 1610இல் பழவேற்காட்டில் காலூன்றி, 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. 17ஆம் நூற்றாண்டின் ஓட்டத்திலேயே சத்ராஸும் அதன் தளங்களில் ஒன்றாயிற்று.

அவர்களை இழுத்தது துணி. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்கிந்தியத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு அதிகம். இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து வாசனைப் பொருள் பெற்று, அதை ஐரோப்பாவில் விற்பது கம்பெனியின் வழி. தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்து, இடைநின்ற வணிகர் மூலம் சரக்கைத் திரட்டினார்கள். சத்ராஸ் மெல்லிய மஸ்லினுக்கும் சாயமிட்ட துணிக்கும் பெயர்பெற்றது. துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒதுங்கிடம் எதுவும் இங்கே கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை உடைத்துக்கொண்டு போய்ச் சரக்கை ஏற்றி இறக்கின. பீரங்கி, பீங்கான், கல்லறைக்கான பலகைக்கல் என்று கடல் தாண்டி வந்த எதுவும் கரைசேர்ந்தது உள்ளூர் மீனவரின் தோள்வலியால்தான். எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

சத்ராஸ் கோட்டை செங்கல் கோட்டை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயில், இரு மருங்கிலும் நீண்ட பண்டகசாலைகள், மதில்மேல் ஏறும் சாய்வுத்தளம், கடலைப் பார்த்த பக்கம் சிதைந்த கொத்தளங்கள் ஆகியவற்றைக் காணலாம். பண்டகசாலைகளின் அளவுதான் மனதில் நிற்கிறது. போர் வீரருக்கான இடத்தைவிட மூட்டைகளுக்கான இடமே பெரிது. கோட்டை என்ற பெயரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இது சுவர் வைத்த கிடங்கு.

அதன் உள்ளே, தனிச் சுற்றுச்சுவருக்குள் கல்லறைத் தோட்டம். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் கற்கள் இவை. நீண்ட செவ்வகப் பலகைகளில் டச்சு மொழி எழுத்துகள் ஆழமாக, பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருக்கின்றன. மேலே குடும்ப முத்திரை, சுற்றிலும் பூவேலை, சிலவற்றில் கப்பல், பலவற்றில் மண்டையோடும் குறுக்கு எலும்புகளும். மண்டையோடு அச்சுறுத்தலுக்காக வைக்கப்பட்டதன்று. நீயும் இறக்கப்போகிறவன் என்று பார்ப்பவருக்கு நினைவூட்டுவது அன்றைய ஐரோப்பியக் கல்லறைக் கலையின் பொது வழக்கம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு முழு எலும்புக்கூடுகளையே கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கல்லறை வாசகங்கள் பதவியைச் சொல்லும், பிறந்த ஊரைச் சொல்லும், வயதைச் சொல்லும். வெப்பக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் எத்தனை இளைஞரையும் குழந்தைகளையும் கொண்டுபோயின என்பதற்கு இந்தக் கரையின் ஐரோப்பியக் கல்லறைகள் எல்லாமே சாட்சி. அலெக்சாண்டர் ரீ 1897இல் வெளியிட்ட சென்னை மாகாணத்து டச்சு நினைவுச் சின்னங்கள் பற்றிய நூலும், ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலும் இத்தகைய எழுத்துகளை ஆராய்வோருக்கு அடிப்படை நூல்கள். காற்று தேய்த்துவிட்ட எழுத்துகளை இன்று அவற்றின் துணையோடுதான் வாசிக்க முடியும்.

கல்லறை இருக்கிறது, கோவளத்தில் உள்ளதைப் போல அதைச் சுற்றி ஒரு பங்கு இல்லை. இதற்குக் காரணம் மதவெறுப்போ சோம்பலோ என்று தேட வேண்டியதில்லை. இலங்கையோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த அதே டச்சுக் கம்பெனி, அங்கே கத்தோலிக்கக் கோயில்களை எடுத்துக்கொண்டு சீர்திருத்தச் சபையின் கோயில்களாக மாற்றியது. ஊர்தோறும் பள்ளி வைத்தது. பள்ளித் தோம்புகளில் மக்கள் பெயரைப் பதிந்தது. பிலிப்பு பால்தேயு என்ற போதகர் அந்த வேலையை முன்னின்று நடத்தித் தம் அனுபவங்களை நூலாகவும் எழுதினார். யாழ்ப்பாணத்தில் கம்பெனி அரசாண்டது. சத்ராஸில் அது உள்நாட்டு ஆட்சியாளரின் அனுமதியோடு குடியிருந்த வணிகர். குடிமக்கள் இல்லாதவருக்குக் குருமார் தேவைப்படவில்லை. சிறிய தளங்களில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லவும் ஜெபம் வாசிக்கவும் ஓர் ஊழியரை வைத்துக்கொண்டதோடு கம்பெனியின் சமயக் கடமை நின்றது. வெளியே இருந்த நெசவாளருக்கோ மீனவருக்கோ அந்தச் சமயத்தில் பங்கு கிடைக்கவில்லை.

சத்ராஸின் டச்சு வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிய ஒருவர் உண்டு. யாக்கோப் ஹாஃப்னர், 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். நாகப்பட்டினத்திலும் சத்ராஸிலும் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைபார்த்தார். தமிழ் கற்றார். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்து வியந்து எழுதினார். நான்காவது ஆங்கில–டச்சுப் போரின்போது, 1781இல் ஆங்கிலேயர் சத்ராஸைப் பிடித்தபோது அவரும் பிடிபட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்து நாட்டுப்புறத்திலிருந்து சென்னைக்கு ஓடிவந்த மக்கள் தெருவில் பட்டினியால் விழுந்து சாவதை அவர் கண்ணால் கண்டார். அந்தப் பக்கங்கள் 18ஆம் நூற்றாண்டுச் சென்னை பற்றிய எழுத்துகளில் மிகக் கொடூரமான உண்மையைச் சொல்பவை. ஊர் திரும்பியபின், ஹார்லெம் நகரின் டெய்லர் அறக்கட்டளை மிஷனரிப் பணியின் பயன் குறித்து நடத்திய கட்டுரைப் போட்டியில் 1805இல் பரிசு பெற்றார். பிறர் நாட்டில் கொள்ளையடிக்கும் ஐரோப்பியர் அங்கே நற்செய்தி சொல்லத் தகுதியற்றவர் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். கோவளத்தில் டி மான்டி மாதா கோயில் கட்டிய 1808இல்தான், இந்தக் கரையில் பல்லக்கில் சென்ற பயணத்தைப் பற்றிய ஹாஃப்னரின் நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இருவரும் ஒரே கரையில் பொருள் ஈட்ட வந்தவர்கள். ஒருவர் ஊரில் கோயிலாக நிற்கிறார். மற்றவரை ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஊர் மக்களின் துயரத்தை எழுத்தில் பதித்தவர் இரண்டாமவர்.

1782 பிப்ரவரி 17 அன்று சத்ராஸுக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்த அந்தச் சண்டை, அவர்கள் இருவரும் நடத்திய ஐந்து கடற்போர்களில் முதலாவது. அதன் பிறகு சத்ராஸ் டச்சுக்காரருக்குத் திரும்பியது, மீண்டும் பறிபோனது, மறுபடியும் திரும்பியது. கடைசியில் 1824 மார்ச் 17 அன்று லண்டனில் கையெழுத்தான ஆங்கில–டச்சு உடன்படிக்கையில் ஹாலந்து தன் இந்தியத் தளங்கள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு சுமத்ராவில் பெங்கூலன் அதற்குக் கிடைத்தது. உயிரோடிருந்த டச்சுக்காரர் கப்பலேறினார்கள். கல்லறைகளுக்கு நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்ற எந்தக் குடும்பமும் மிச்சமில்லை.

மக்கள் போனபின் கோயிலையும் கல்லறையையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வேறு வடிவில் எழுந்திருக்கிறது. அங்கே சிற்றூரின் நடுவில் கல்லால் கட்டிய கோயில், அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், 1538இல் தாமஸ் கிராம்வெல் ஆணையால் தொடங்கிய பதிவேடு ஆகியவை ஊரோடு பிறந்த உறுப்புகள். மக்கள் நகரத்துக்குப் போய்விட, ஞாயிறு ஆராதனைக்கு ஐந்தாறு பேர் மட்டுமே வரும் கோயில்கள் பெருகின. 1957இல் ஆதரவற்ற கோயில்களின் நண்பர்கள் என்ற சங்கம் தோன்றியது. 1969இல் இதற்கென அமைந்த நிதியம் இன்று கோயில்கள் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயரில் 350க்கும் மேற்பட்ட ஆலயங்களைப் பராமரிக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பூட்டப்படாமல் திறந்திருக்கின்றன. வழிப்போக்கர் உள்ளே போய் உட்காரலாம். ஊரார் எப்போதாவது ஆராதனையோ கச்சேரியோ நடத்தலாம். நினைவுச்சின்னமாகவும் ஊரின் பொது இடமாகவும் ஒரே கட்டடத்தை வைத்துக்கொள்ளும் முயற்சி அது.

தமிழகக் கடற்கரையில் இந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. சத்ராஸ் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தால் காக்கப்படுகிறது. 2010 திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். பக்கத்திலேயே 1971இல் அணு ஆராய்ச்சி மையமும், 1984இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய அணுமின் நிலையமும், அவற்றின் நகரியமும் வந்துவிட்ட பிறகு இந்தச் செங்கற்கள் இன்னும் நிற்பதற்குச் சட்டமே காரணம். ஆயினும் உள்ளூர்க் குழந்தைகளுக்கு அந்தக் கல்லறையில் இருப்பவர் யார், அவர் வாங்கிய துணியை நெய்தவர் யார் என்று சொல்ல ஒரு தமிழ்ப் பலகை போதுமான அளவில் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்புக்குப் பொருள்.

கோவளத்துக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வழிபாட்டில் உள்ள கோயிலை மக்கள் கைவிடுவதில்லை, அதிகமாக நேசித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பழைய பங்குக் கோயில்கள் இடநெருக்கடிக்காகவும் ஊர்ப் பெருமைக்காகவும் இடிக்கப்பட்டு, உயரமான கான்கிரீட் ஆலயங்கள் எழுவது கடந்த சில பத்தாண்டுகளில் வழக்கமாகிவிட்டது. இடிக்காத இடங்களில் பழைய தரையோடு புதைந்த கல்லறைப் பலகைகளின் மேல் பளபளப்பான கிரானைட் விரிக்கப்படுகிறது. கூட்டம் பெருகுவது உண்மை. இடம் வேண்டும் என்பதும் நியாயம். புது மண்டபத்தைப் பக்கத்தில் கட்டிப் பழைய கோயிலைச் சிற்றாலயமாக வைத்துக்கொண்ட பங்குகளும் உண்டு. அந்த வழியே சரி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் செங்கல்பட்டுப் பகுதியில் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்வி நிலையமே இயங்குகிறது.

பார்க்க வருபவர் வேலைநாளில் வருவது நல்லது. கோவளத்தில் காலைத் திருப்பலி முடிந்த பின் உள்ளே போகலாம்; செருப்பை வாசலில் விட வேண்டும், பூசை நேரத்தில் படம் எடுக்கக் கூடாது. டி மான்டியின் கல்லறையை நின்று வாசித்துவிட்டு, தர்காவையும் கைலாசநாதர் கோயிலையும் அதே நடையில் பார்த்துவிடலாம். அங்கிருந்து மாமல்லபுரத்துக்குள் நுழையாமல் நேரே சத்ராஸ் போனால், பண்டகசாலைகளையும் கல்லறைத் தோட்டத்தையும் வெயில் ஏறுமுன் பார்க்கலாம். கல்லறை அடைப்பு பூட்டியிருந்தால் கோட்டைக் காவலரைக் கேட்டால் திறந்துவிடுவார். எழுத்துகளை வாசிக்கச் சாய்ந்த வெளிச்சம் தேவை என்பதால் காலையோ மாலையோதான் உகந்தது. கல்லின் மேல் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்த்து எழுத்தை எடுப்பாகக் காட்டும் பழக்கம் கல்லை அரிக்கும். பக்கவாட்டில் கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சினாலே எழுத்து தெரியும்.